கவுன்ட் ஏத்துற ஊசியில பிளாஸ்டிக் இருக்காமே, அம்மாவுக்குப் போடலாமா டாக்டர் அக்கா?

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேரு, ஊரு ரெண்டும் வேண்டாம். அம்மாவுக்கு 51 வயசு, சின்ன வயசுலேர்ந்து தீவுப் பக்கம் போய் கடல்பாசி எடுத்த கை. மார்புல கட்டி வந்து மதுரையில ஆபரேஷன் முடிஞ்சு, இப்ப 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் ஆறு. முதல் கீமோ முடிஞ்ச பத்தாவது நாள் ராத்திரி 102 டிகிரி காய்ச்சல், நியூட்ரோஃபில், அதாவது கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணு, 300தான் இருக்குன்னு சொல்லி அஞ்சு நாள் அட்மிட் பண்ணி வச்சிருக்காங்க. அதனால ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் "பெக் ஊசி" ஒண்ணு எழுதிக் கொடுத்து, மறுநாள் ஊர்லயே நர்ஸை வச்சு போட்டுக்கங்கன்னு அனுப்பியிருக்காங்க. அண்ணன் அதை மீன் ஐஸ் பெட்டியில வச்சு பஸ்ல கொண்டு வந்தாராம். ஊசி போட்ட ரெண்டாம் நாள் அம்மாவுக்கு இடுப்பும் முதுகும் "உலக்கையால இடிச்ச மாதிரி" வலி, போட்ட இடத்துல சிவந்து அரிப்பு, ஆறாம் நாள் ரத்தம் பார்த்தா வெள்ளை அணு 28,000. துபாய்ல இருக்குற மச்சான் போன்ல தேடிப் பார்த்துட்டு, இதுல பாலிஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு பிளாஸ்டிக் சேர்த்திருக்கான், இருமல் சிரப்புல குழந்தைங்க செத்தாங்களே அதே கிளைக்கால்தான்னு சொல்லிட்டாரு. அடுத்த புதன்கிழமை மூணாவது கீமோ. "ஊசியைப் போடாமலே போட்டுட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிடலாமான்னு அண்ணன் கேக்குறாரு, எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல"ன்னு முடிச்சிருக்காங்க. கடைசியில ஒரு வரி, அம்மா எப்ப மறுபடி கடலுக்குப் போலாம்னு கேக்க சொன்னாங்களாம்.

தங்கச்சி, முதல்ல அவசரமான ஒண்ணை சொல்லிடுறேன். போடாம போட்டேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. ஊசி வேண்டாம்னு முடிவு எடுக்குற உரிமை உங்க அம்மாவுக்கு இருக்கு, அதை டாக்டர் முகத்தைப் பார்த்து சொல்லலாம், சொன்னா அவர் வேற ஊசிக்கு மாத்துவாரு, இல்ல கீமோ டோஸைக் கொஞ்சம் குறைப்பாரு, இல்ல தள்ளி வைப்பாரு. ஆனா ஊசி போட்டிருக்குன்னு நம்பி அவர் முழு டோஸ் கீமோவை ஏத்திட்டாருன்னா பத்தாவது நாள் அம்மாவோட கவுன்ட், அதாவது அந்த வெள்ளை அணு எண்ணிக்கை, மறுபடி அந்த 300க்கு போயிடலாம், இந்தத் தடவை காய்ச்சல் வந்தா அது முதல் தடவை மாதிரி அஞ்சு நாள்ல அடங்கும்னு யாராலும் சொல்ல முடியாது. நியூட்ரோஃபில் 500க்குக் கீழ இருக்கும்போது வர்ற காய்ச்சல் உயிரை எடுக்கக்கூடியது. அந்த ஊசியில இருக்குற பெக்கை, மச்சான் சொன்ன அந்த பாலிஎத்திலீன் கிளைக்காலைப் பத்தி எனக்கு இருக்குற கவலையை விட இதைப் பத்தின கவலைதான் பல மடங்கு பெருசு.

நான் உங்க அம்மா ஃபைலைப் பாக்கல, கடிதத்துல இருக்கறதை வச்சுதான் பேசுறேன். ஆனா நான் மருந்தியல் டாக்டர், இந்த வகை மருந்துங்களோட பக்க விளைவைப் படிக்கிறதுதான் என் வேலை, வளர்ந்ததும் உங்க கரையிலதான். அதனால மச்சான் சொன்னதுல எது சரி எது தப்புன்னு ஒண்ணொண்ணா பாப்போம். அவர் தேடிப் பார்த்ததுல தப்பே இல்ல, அக்கறையிலதான் பார்த்திருக்காரு.

பிளாஸ்டிக்கா இது?

ஊசிக்குள்ள ரெண்டு பொருள் ஒண்ணா ஒட்டியிருக்கு. ஒண்ணு ஃபில்கிராஸ்டிம்னு ஒரு புரோட்டீன், எலும்பு மஜ்ஜையைப் பார்த்து "வெள்ளை அணு செய்"ன்னு சொல்ற, நம்ம உடம்புலயே சுரக்குற ஒரு ஹார்மோனோட நகல். அதோட ஒரு நுனியில பாலிஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு நீளமான சங்கிலியை ஒட்டியிருக்காங்க, சுருக்கமா பெக். ரெண்டும் சேர்ந்தா பெக்ஃபில்கிராஸ்டிம்.

பெக் ஒரு பாலிமர். பாலிமர்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் பாலித்தீன் பை ஞாபகம் வர்றது இயல்புதான், ஆனா பாலிமர்னா ஒரே மாதிரி சின்னத் துண்டுகளை வரிசையா கோர்த்த சங்கிலி, அவ்ளோதான் அர்த்தம். அம்மா எடுத்துட்டு வர்ற கஞ்சிப்பாசியைக் கொதிக்க வச்சா கொழகொழன்னு ஆகுதே, அந்தக் கொழகொழப்பு ஒரு பாலிமர். மரிக்கொழுந்துப் பாசியில இருந்து எடுக்குற அகர் ஒரு பாலிமர். சோத்துல இருக்குற மாவுச்சத்தும் பாலிமர்தான். பாலித்தீன் பையும் அந்தக் கூட்டத்துல ஒண்ணு, ஆனா அது தண்ணியில கரையாது, மக்காது. பெக் தண்ணியில அப்படியே கரையும், தண்ணியை இழுத்து வச்சுக்கும். இந்த ஊசியில இருக்குற சங்கிலி கிட்டத்தட்ட 450 கண்ணி நீளம். பேர்ல "பாலிஎத்திலீன்" இருக்குறதாலதான் இவ்ளோ குழப்பமும்.

இதை எதுக்கு ஒட்டணும்? வெறும் ஃபில்கிராஸ்டிம் சின்னது, நாலு மணி நேரம் ஆகுறதுக்குள்ள ரத்தத்துல பாதி காணாமப் போயிடும், அதனால தினமும் போடணும், ஒரு கீமோவுக்கு அஞ்சு நாள், ஏழு நாள், சிலருக்கு அதுக்கும் மேல. நம்ம கிட்னி ஒரு வலை மாதிரிம்மா, கண்ணியை விட சின்ன மீன் வெளிய போயிடும். பெக் சங்கிலி தன்னைச் சுத்தித் தண்ணியை இழுத்துக்கிட்டு ஊதி நிக்கிறதால அந்தக் கண்ணியில புகாது. உள்ளயே தங்கி வேலை செய்யும், பாதி குறையறதுக்கே 15 மணி நேரத்துல இருந்து 80 மணி நேரம் வரைக்கும் ஆகும். அப்புறம் எப்படிப் போகும்னா, நியூட்ரோஃபில்களே இந்த மருந்தைப் பிடிச்சு இழுத்துக்கும், அதாவது கவுன்ட் ஏற ஏற மருந்து தன்னால குறையும். எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது, தேவை இருக்குற வரைக்கும் நின்னுட்டு தேவை முடிஞ்சதும் கிளம்பிடுது. மிச்சமாகுற பெக் சங்கிலி மெதுவா பெரும்பாலும் சிறுநீர் வழியா போயிடும்.

கிளைக்கால்னா விஷமா?

2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப்பு குடிச்சு கிட்னி போய் குழந்தைங்க செத்தாங்க, அந்த சிரப்பு நம்ம தமிழ்நாட்டுல தயாரானதுன்னு தெரிஞ்சப்ப எனக்கும் ரொம்ப நாள் மனசு ஆறல. அதுல இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். சோதனையில 48.6 சதவீதம்னு வந்துச்சு, அதாவது ஒரு 5 மில்லி ஸ்பூன்ல 2,400 மில்லிகிராம் கிட்ட விஷம். அது வெறும் ரெண்டு கண்ணி உள்ள குட்டிப் பொருள், உடம்புக்குள்ள போனதும் ஈரல் அதை உடைச்சு கிட்னியை அழிக்கிற அமிலமா மாத்திடும். 450 கண்ணி உள்ள சங்கிலி அப்படி உடையறது இல்ல, பெருசா இருக்கறதை அப்படியேதான் உடம்பு வெளியேத்தும். பேரு ஒண்ணா இருக்கறதால குணமும் ஒண்ணாயிடாது தங்கச்சி. சாராயத்துல மெத்தனால் கலந்தா சாவு, ஆனா ஆஸ்பத்திரியில கையில தேய்க்கிற எத்தனாலும் ஆல்கஹால் குடும்பம்தான்.

அளவையும் பாருங்க. உங்க அம்மாவுக்குப் போட்ட ஊசி மொத்தமே 0.6 மில்லி, ஒரு டீஸ்பூன்ல எட்டுல ஒரு பங்கு கூட இல்ல. அதுல புரோட்டீன் 6 மில்லிகிராம், கூட ஒட்டியிருக்குற பெக்கும் ஏறக்குறைய அதே எடை. மலச்சிக்கலுக்குத் தண்ணியில கலக்கிக் குடிக்கிற பெக் பவுடர் ஒரு வேளைக்கு 17 கிராம். ஆனா நான் நேர்மையா ஒண்ணு சொல்லணும், குடிக்கிறதையும் ஊசியில போடுறதையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, குடிக்கிற பெக் குடல்ல இருந்து ரத்தத்துக்கு ஏறுறது ரொம்பக் கம்மி. இந்தக் கணக்கை மட்டும் காட்டி "பயமே வேண்டாம்"னு யாராவது சொன்னா அது பாதி பதில்தான். ஊசிக்குன்னு தனியா பார்த்திருக்காங்களான்னு கேக்கணும், பார்த்திருக்காங்க.

அப்ப ஆபத்தே இல்லையா?

இருக்கு. அதை மறைச்சு பேசினா நீங்க அடுத்த தடவை என்னை நம்ப மாட்டீங்க, நம்பவும் கூடாது.

1977ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ஃபிராங்க் டேவிஸ்ங்கிறவரும் அவரோட மாணவர் அபுகோவ்ஸ்கியும் முதன்முதலா புரோட்டீன்ல பெக்கை ஒட்டிக் காட்டுனாங்க. 1990ல முதல் மருந்து வந்துச்சு, பிறவியிலயே எதிர்ப்பு சக்தி இல்லாம பிறக்குற குழந்தைங்களுக்கு. உங்க அம்மாவுக்குப் போட்ட பெக்ஃபில்கிராஸ்டிம் 2002ல. ஆக இது நேத்து வந்த சரக்கு இல்ல, உலகம் முழுக்க லட்சக்கணக்கான கீமோ நோயாளிங்க போட்டுக்கிட்ட மருந்து.

இப்படிப் பாலிமர் ஒட்டின மருந்தைப் பரிசோதிக்கும்போது மூணு கேள்வியைத் தனித்தனியா கேக்கணும். புரோட்டீன் மட்டும் என்ன பண்ணும், பெக் மட்டும் உடம்புல எங்க போய் தங்கும், ரெண்டும் ஒட்டினப்புறம் உடம்பு அதை எதிரியா பாக்குமா. ரெண்டாவது கேள்விக்கு மிருகங்கள்ல பார்த்தாங்க, அதிக டோஸ்ல திரும்பத் திரும்ப நாள் கணக்கா போட்டா சில செல்லுக்குள்ள குமிழி மாதிரி பெக் தேங்குறது தெரிஞ்சுது, மூளைக்குள்ள நீர் சுரக்குற பகுதியில கூட. அதனாலதான் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2012ல, பெரிய பெக் சங்கிலி உள்ள மருந்தைச் சின்னக் குழந்தைங்களுக்கு வருஷக்கணக்கா கொடுக்கறதுன்னா இதைக் கவனமா பாக்கணும்னு சொல்லுச்சு. ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியா உறையாத வியாதி, உள்ள குழந்தைக்கு ஆயுசு பூரா வாரம் ரெண்டு ஊசின்னா அது நியாயமான கவலை. உங்க அம்மாவுக்கு இன்னும் நாலு ஊசி, மூணு வாரத்துக்கு ஒண்ணு, அந்த எச்சரிக்கையில சொன்ன அளவுக்குப் பக்கத்துலயே வராது.

மூணாவது கேள்விதான் உண்மையிலயே சிக்கலானது. பல வருஷம் பெக்கை உடம்பு கண்டுக்காதுன்னு நம்புனாங்க, அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்சுது. சிலர் உடம்புல ஏற்கனவே பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அதை எதிர்க்க உடம்பு செய்யற புரோட்டீன், இருக்கு, ஊசியே போடாதவங்களுக்கும். டூத்பேஸ்ட், ஷாம்பு, கிரீம், மாத்திரைன்னு நம்ம தொடுற பலதுல பெக் இருக்கு, அதனாலதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மூட்டு வீங்கி வலிக்கிற கவுட் வியாதிக்கு 2010ல வந்த பெக்லோட்டிகேஸ்னு ஒரு மருந்து, பத்துல நாலு பேருக்குக் கிட்ட உடம்பு பலமா எதிர்த்துச்சு, மருந்து வேலை செய்யறதும் நின்னுது, ஏத்தும்போதே அலர்ஜியும் வந்துச்சு. அந்த மருந்துல ஒரு மூலக்கூறுக்கு 30க்கு மேல பெக் சங்கிலி. உங்க அம்மா ஊசியில ஒண்ணே ஒண்ணு. எத்தனை சங்கிலி, எவ்ளோ நீளம், எத்தனை தடவை, எந்த வழியாங்கிறதைப் பொறுத்து ஒவ்வொரு பெக் மருந்தும் தனித்தனிதான், ஒண்ணு நல்லதுங்கிறதுக்காக இன்னொண்ணு நல்லதும் இல்ல, ஒண்ணு கெட்டதுங்கிறதுக்காக எல்லாம் கெட்டதும் இல்ல.

என்னை ரொம்ப பாதிச்சது பெக்கினெசடைடு. டயாலிசிஸ் நோயாளிங்களுக்கு ரத்தம் ஊற, மாசம் ஒரு ஊசி, 2012 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, 2013 பிப்ரவரியில திரும்ப வாங்கிட்டாங்க. 25,000 பேருக்கு மேல போட்டப்புறம், முதல் ஊசியிலயே, அரை மணி நேரத்துக்குள்ள, சிலருக்குக் கடுமையான அலர்ஜி வந்து சிலர் இறந்துட்டாங்க. இறந்தது பத்தாயிரத்துல ரெண்டு பேர்ங்கிற கணக்கு. இவ்ளோ அபூர்வமானது ஆயிரம், ரெண்டாயிரம் பேர்ல நடத்துற ஆராய்ச்சியில கண்ணுக்குத் தெரியாது, மார்க்கெட்டுக்கு வந்தப்புறம் யாராவது எழுதிப் போட்டாதான் தெரியும். அதனாலதான் உங்க அம்மாவுக்கு வந்த அரிப்பைக் கூட எழுதிக் கொடுங்கன்னு கீழ சொல்லப் போறேன்.

அம்மாவுக்கு வந்த வலியும் அந்த 28,000ம்

இடுப்பு, முதுகு வலி பெக்கால வந்தது இல்ல, புரோட்டீன் வேலை செய்யறதால வர்றது. அணு உற்பத்தி அதிகமா நடக்குற எலும்பு இடுப்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, அங்கதான் வலிக்கும். ஊசி போட்ட நூறு பேர்ல 31 பேருக்கு எலும்பு வலி வந்துச்சு, வெறும் தண்ணி ஊசி போட்டவங்கள்லயும் 26 பேருக்கு வந்துச்சு, ஏன்னா கீமோவே உடம்பை வலிக்க வைக்கும். ரெண்டு மூணு நாள்ல குறையும். வலிக்குப் பாராசிட்டமால் போடலாமான்னா, போடுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டுதான் போடணும், இல்லேன்னா அது காய்ச்சலை மூடி மறைச்சிடும், நீங்க நல்லா இருக்காங்கன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. வேற வலி மாத்திரையைக் கடையில கேட்டு வாங்காதீங்க, கீமோ ஓடும்போது கிட்னிக்கும் பிளேட்லெட்டுக்கும் அது ஆகாது, டாக்டர் எழுதுனா சரி.

28,000ங்கிறதும் ஊசி வேலை செஞ்ச அடையாளம்தான், ஊசி போட்ட முதல் சில நாள்ல இப்படித் தூக்கிக் காட்டும், அப்புறம் கீமோவால இறங்கும், மறுபடி ஏறும். ரத்தப் புற்றுநோயான்னு அண்ணன் கேட்டிருக்காரு, இந்த ஒரு ரிப்போர்ட்டை வச்சு அப்படி நினைக்க வேண்டியதே இல்ல. மார்புப் புற்றுக்குக் கீமோவோட இந்த ஊசியும் போட்டவங்கள்ல ரொம்ப சிலருக்கு வருஷங்கள் கழிச்சு ரத்தத்துல கோளாறு வரலாம்னு மருந்துக் குறிப்புலயே போட்டிருக்கு, அது கீமோவாலயும் வரக்கூடியது. அந்தச் சின்ன ரிஸ்க்கையும், இப்ப பத்தாவது நாள் காய்ச்சல்ல அம்மாவை இழக்குற ரிஸ்க்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துதான் டாக்டர் ஊசி எழுதுறாரு.

போட்ட இடத்துல மட்டும் சிவந்து அரிச்சு தன்னால போயிருந்தா அது சாதாரணம். ஆனா உடம்பு பூரா தடிப்பு, உதடோ கண்ணோ வீங்குறது, மூச்சு இழுக்கறது, தலை சுத்தி விழறது, இதுல ஏதாவது இருந்துச்சான்னு அம்மாகிட்ட உக்காந்து நிதானமா கேளுங்க. இருந்திருந்தா அடுத்த ஊசி ஊர்ல போடவே கூடாது, ஆஸ்பத்திரியிலதான், டாக்டர் சரின்னு சொன்னா மட்டும்தான். இன்னொண்ணு, இடது பக்க விலாவுக்குக் கீழயோ இடது தோள்பட்டையிலயோ கூர்மையா வலிச்சா எலும்பு வலின்னு படுத்துக்க விடாதீங்க, மண்ணீரல் வீங்கிக் கிழியறது அபூர்வமா நடக்கும், உடனே கூட்டிட்டுப் போகணும்.

அந்த ஐஸ் பெட்டி

தங்கச்சி, உங்க கடிதத்துல என்னை நிமிர்ந்து உக்கார வச்ச வரி இதுதான், நீங்க அதைப் போற போக்குல எழுதியிருக்கீங்க. மீன் ஐஸ் பெட்டியில, ஐஸுக்குள்ள புதைச்சு வச்சு, "நல்லா ஜில்லுன்னு" கொண்டு வந்தாரு அண்ணன். பாவம், அவர் பொறுப்பாதான் பண்ணியிருக்காரு. ஆனா இது 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையக் கூடாது. வெறும் ஐஸ் கரையும்போது 0 டிகிரி, உப்புப் பட்ட மீன் ஐஸ் அதுக்கும் கீழ போகும். ஊசி உறைஞ்சா புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டிக்கலாம், அப்படிக் கட்டுன புரோட்டீனைத்தான் உடம்பு எதிரியா பாக்கும், அலர்ஜிக்கும் ஆன்டிபாடிக்கும் அது ஒரு காரணம். உருகினப்புறம் கண்ணாடி மாதிரி தெளிவா தெரியும், பாத்தா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப ஒரு வார்டு ஃபிரிட்ஜ்ல ஃபில்கிராஸ்டிம் பெட்டிங்க ஃப்ரீசர் சுவத்தோட ஒட்டி வெள்ளைப் பனி பூத்துக் கிடந்ததை என் கையால சொரண்டி எடுத்திருக்கேன், எத்தனை பேருக்கு அது போச்சோ தெரியாது, இன்னும் மறக்கல.

அடுத்த தடவை இப்படிப் பண்ணுங்க. மீன் பெட்டி வேண்டாம், புதுசா ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டி. ஐஸ் பேக்கை ஒரு துண்டுல நல்லா சுத்தி அடியில வைங்க, மேல மடிச்ச நியூஸ்பேப்பர், அதுக்கு மேல ஊசி அதோட அட்டைப் பெட்டியோடவே, வெளிச்சம் படாம. ஐஸ் எந்தப் பக்கமும் ஊசியைத் தொடக் கூடாது. வீட்டுல ஃபிரிட்ஜ் நடுத்தட்டு, ஃப்ரீசர் இல்ல, கதவு இல்ல. கரண்ட் போனா பதறி ஃப்ரீசர்ல தூக்கி வைக்காதீங்க, இந்த மருந்து வெளிய சில மணி நேரம் இருந்தா கெட்டுடாது, பல கம்பெனி சரக்கு ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், உங்க பெட்டிக்குள்ள இருக்குற சீட்டுல எவ்ளோன்னு போட்டிருக்கும், அதுதான் கணக்கு. உறையவும் விடக் கூடாது. போடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க, குலுக்காதீங்க, சுடுதண்ணியில வைக்காதீங்க. கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் ஆகாம போடவே கூடாது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அன்னைக்கே போட்டுட்டு வர்றது நம்ம பக்கம் நடக்குது, அப்படிப் போட்டா புதுசா பொறக்குற அணுவைக் கீமோ சேர்த்துக் கொன்னுடும்.

இவ்ளோ சிரமமா இருந்தா மதுரையிலயே ஒரு ராத்திரி தங்கி மறுநாள் ஆஸ்பத்திரியில போட்டுட்டு வர முடியுமான்னு பாருங்க. அரிப்பு வந்த ஆளுங்கிறதால மூணாவது கீமோவுக்கு அப்புறம் போடுற ஊசிக்கு மட்டுமாவது இதைத்தான் நான் விரும்புவேன், அரை மணி நேரம் உக்கார வச்சுப் பார்த்துட்டு அனுப்பச் சொல்லுங்க.

உங்க முன்னாடி இருக்குற வழிகள்

பெக் ஊசியையே தொடரலாம், சரியா கொண்டு வந்து, முதல் அரை மணி நேரம் ஆள் கவனிச்சு. உங்க கடிதத்தை மட்டும் வச்சு சொல்லணும்னா நான் இதுக்குத்தான் சாய்வேன், ஒரு தடவை கவுன்ட் இறங்கி காய்ச்சல் வந்தவங்களுக்கு ஊசி இல்லாம அதே கீமோவைப் போடுறது சரியில்ல.

பெக்கே வேண்டாம்னு அம்மா மனசு ஒப்பலன்னா, பெக் இல்லாத வெறும் ஃபில்கிராஸ்டிம் இருக்கு, வேலை அதேதான். தினமும் போடணும், ஒரு நாள் விட்டாலும் பலன் குறையும், அத்தனை ஊசியையும் ஃபிரிட்ஜ்ல காப்பாத்தணும், நர்ஸ் தினமும் வரணும். எலும்பு வலி இதுலயும் வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போட முடியும்னா நல்ல வழிதான், குறைச்சலா நினைக்க வேண்டாம். முதல்வர் காப்பீட்டுல எது வரும் எது வராதுன்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல முன்னாடியே கேட்டுடுங்க.

மூணாவது, ஊசி இல்லாம கீமோவைக் குறைக்கறது, தள்ளறது. உங்க அம்மாவுக்கு நோயைக் குணப்படுத்தத்தான் கீமோ கொடுக்குறாங்க, அதுல டோஸைக் குறைச்சா பலனும் குறைய வாய்ப்பு இருக்கு. இதைக் கடைசி வழியா வச்சுக்கங்க.

போன ஊசி ஒரு கம்பெனி, அடுத்ததுக்கு கடைக்காரர் வேற பேர்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்காருன்னு எழுதியிருந்தீங்க. நம்ம நாட்டுலயே பல கம்பெனி இதோட நகலைத் தயாரிக்குது, அதுக்கு 2012ல விதிமுறை வந்து 2016ல திருத்துனாங்க, மூல மருந்தோட ஒப்பிட்டுக் காட்டிட்டுதான் விக்கணும். நகல்ங்கிறதுக்காக மட்டம்னு நினைக்காதீங்க. ஆனா மாத்துறது கடைக்காரர் முடிவா இருக்கக் கூடாது, டாக்டருக்குத் தெரியணும், ஒவ்வொரு ஊசியோட பேரையும் பேட்ச் நம்பரையும் அட்டையிலேர்ந்து கிழிச்சு ஒரு நோட்டுல ஒட்டி வைங்க. நாளைக்கு அலர்ஜி வந்தா எந்த ஊசின்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். சில சிரிஞ்சு மூடியில இருக்குற ரப்பரும், மருந்துல கலந்திருக்குற பாலிசார்பேட்ங்கிற சேர்மானமும் கூட அலர்ஜி தரும், பெக்தான் காரணம்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாக்கணும்.

கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு

என்ன மருந்து, எதுக்கு, என்ன ஆபத்து, வேற வழி என்னன்னு புரியற பாஷையில கேக்கறதும், ரிப்போர்ட்டு நகல் வாங்குறதும், வேற டாக்டர்கிட்ட கருத்து கேக்கறதும், மருந்தை எந்தக் கடையில வாங்கணும்னு நீங்களே முடிவு பண்றதும் நோயாளி உரிமை சாசனத்துல இருக்குற விஷயம், தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்சது. டாக்டர் அவசரத்துல இருப்பாரு, அதனால வாய்ல கேக்காதீங்க, ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க: போன ஊசியைக் கொண்டு வந்த விதம் இது, உறைஞ்சிருக்கலாம், அரிப்பு இங்க, இத்தனை நாள், வலி இப்படி, அடுத்த ஊசியை இங்கயே போட முடியுமா. நாலு வரி போதும், அவர் படிச்சுட்டு நிமிர்ந்து பாப்பாரு.

பக்க விளைவை நோயாளி வீட்டுக்காரங்களே பதிவு பண்ணலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தோட இலவச நம்பர் 1800 180 3024. இது யார் மேலயும் போடுற புகார் இல்ல, நர்ஸுக்கோ டாக்டருக்கோ இதனால ஒரு கெடுதலும் வராது.

காய்ச்சல் விஷயத்துல மட்டும் யோசிக்கவே கூடாது. 100.4 தாண்டினா ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கிளம்பணும், மதுரை வரைக்கும் போக வேண்டாம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, உள்ள நுழையும்போதே "கீமோ நோயாளி, கவுன்ட் இறங்கியிருக்கலாம்"னு சொல்லுங்க, கீமோ தேதியும் ஊசி தேதியும் எழுதுன சீட்டைக் காட்டுங்க. ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறணும். பெக் ஊசி போட்டிருக்கோமே காய்ச்சல் வராதுன்னு நினைக்காதீங்க, அது வாய்ப்பைக் குறைக்கும், முழுசா தடுக்காது.

அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். பாசி எடுக்குறவங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு இறங்குனாலும் பாறையும் பவளமும் கீறாம விடாது, அந்தக் கீறல் வழியா கடல் தண்ணியில இருக்குற கிருமி உள்ள போனா, கவுன்ட் இல்லாத உடம்புல அது ஒரே நாள்ல கால் பூரா ஏறிடும். அதனால ஆறாவது கீமோ முடியற வரைக்கும் கடல்ல கால் வைக்க வேண்டாம், கரையில உக்காந்து பாசி காய வைக்கிற வேலை, அதுவும் கையில காயம் இல்லாம, கவுன்ட் நல்லா இருக்குற மூணாவது வாரத்துல மட்டும், வெயில் தாழ செய்யட்டும். கடைசி கீமோ முடிஞ்சு கவுன்ட் நின்னு, ரேடியேஷன் இருந்தா அதுவும் முடிஞ்சு, அந்தத் தோல் ஆறினப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு இறங்கலாம். ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கையில கீறல் படாம பாத்துக்கணும், அக்குள்ல நெறிகட்டி எடுத்திருந்தா அந்தக் கை வீங்கலாம், அந்தக் கைக்குத் துணி பத்தாது, ரப்பர் கிளவுஸ் வாங்கிக் கொடுங்க.